மிதித்தால் யோசிக்கும் கார்

(ஆட்டோமொபைல் பிரிவு, இரண்டாம் ஆண்டு மாணவர் எழுதுவது)

நம் பேரவை மலரில் வருடா வருடம் கவிதையும் நகைச்சுவைத் துணுக்கும் நிறைய வருகின்றன. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த முறை துறைக்கு ஒரு பாடக் கட்டுரையாவது வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால், எங்கள் பிரிவின் சார்பில் இதை எழுதுகிறேன். மற்ற பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எலக்ட்ரிகல் நண்பர்களுக்கு நடுவில் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறோம். வண்டி உடனே எடுப்பதில்லை. ஒரு நொடியோ ஒன்றரை நொடியோ கழித்து, தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல் திடீரென்று எடுக்கிறது. திராட்டில் ரெஸ்பான்ஸில் தாமதம் என்று வகுப்பில் சொல்கிறோம். எங்கள் பந்தல்குடிப் பக்கத்து டிரைவர்கள் சொல்வது அதைவிடத் தெளிவு: "மிதிச்சா யோசிச்சிட்டு எடுக்குது."

எல்லா டிரைவரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட மாட்டார்கள். பெரும்பாலும் "பிக்கப் இல்லப்பா" என்ற ஒரே சொல்லோடு வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு நோய் ஒளிந்திருக்கிறது. கிளட்ச் வழுக்கினாலும் பிக்கப் இல்லை என்பார்கள். அப்போது மூன்றாவது கியரில் மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் அதே சொல்தான். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனால் (தொட வேண்டாம்) ஒன்று மட்டும் அனலாக அடிக்கும். எஞ்சினில் கம்ப்ரெஷன் போயிருந்தால் வண்டி எப்போதுமே சோர்வாக இழுக்கும், ஆனால் அதில் தாமதம் என்று தனியாக ஒன்று தெரியாது. நான்காவது நோய்தான் நம் பாடம். பலம் இருக்கிறது, நேரத்துக்கு வருவதில்லை. ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "அண்ணே, எடுக்கவே மாட்டேங்குதா, இல்ல லேட்டா எடுக்குதா?" என்பது. இதற்குச் செலவு கிடையாது.

ஒன்றரை நொடியில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைக்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியாகத் தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலை எல்லோருக்கும் தெரிந்ததே. ஊருக்குள் திரும்ப வேண்டிய வண்டி, நடுத்திட்டில் விட்டிருக்கும் இடைவெளியில் நின்று, எதிர்த்திசைப் பாதையைக் குறுக்கே தாண்ட வேண்டும். பாதை இரண்டும் சேர்ந்து 7 மீட்டர். காரின் நீளம் 4 மீட்டர். ஆக வால் பகுதியும் தப்ப 11 மீட்டர் நகர வேண்டும். நின்ற இடத்திலிருந்து நொடிக்கு நொடி 2 மீட்டர் வீதம் வேகம் கூடினால், 11 மீட்டருக்கு 3.3 நொடி ஆகும். எதிரே 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் ஒரு நொடிக்கு 22 மீட்டர் வருகிறது. அந்த 3.3 நொடியில் 74 மீட்டர் வந்துவிடும். நம் வண்டி முதல் ஒன்றரை நொடி யோசித்தால் மொத்தம் 4.8 நொடி, பஸ் 107 மீட்டர் வந்துவிடும். வித்தியாசம் 33 மீட்டர், அதாவது மூன்று பஸ்ஸின் நீளம். டிரைவர் பழக்கத்தில் கண்ணால் அளந்து வைத்திருப்பது முதல் கணக்கை. வண்டி செய்வது இரண்டாவது கணக்கை.

அதனால் இதை மைலேஜ் குறைவது மாதிரி ஒரு குறையாக நான் எடுத்துக்கொள்வதில்லை. பிரேக் பிடிக்காத வண்டியை எப்படி எடுத்துக்கொள்வோமோ அதற்கு அடுத்த படியில் வைக்கிறேன்.

இனி, நேரம் எங்கே போகிறது என்று பார்க்கலாம். ஊரில் குழாயில் தண்ணீர் லேட்டாக வந்தால் என்ன செய்கிறோம்? மோட்டார் போட்டவர் லேட்டா, மேல்நிலைத் தொட்டி நிறையவில்லையா, நடுவில் குழாய் உடைந்து தெருவில் ஓடுகிறதா என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டே போகிறோம். எடுத்த எடுப்பில் புது மோட்டார் வாங்குவதில்லை. காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவிலும் இப்படிப் பல இடங்கள் உள்ளன. எந்த இடத்தில் நேரம் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கார்புரேட்டர் காலம்

நம் லேபில் வெட்டி வைத்திருக்கும் கார்புரேட்டரைப் பார்த்து, "இது இப்ப எந்த வண்டியில சார் இருக்கு?" என்று கேட்காதவர் கிடையாது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது புதுக் கார்களிலிருந்து அது விடைபெறத் தொடங்கியது. ஆனாலும் தாமதம் என்றால் என்ன என்பதைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல பொருள் இல்லை.

திராட்டில் வால்வைச் சட்டென்று திறந்தால் காற்று உடனே உள்ளே பாய்கிறது. பெட்ரோலோ காற்றைப்போல் சுமார் 600 மடங்கு அடர்த்தி கொண்டது. அது அவ்வளவு சுறுசுறுப்பாகக் கிளம்பாது. அந்த ஒரு கணத்துக்குக் கலவையில் காற்று கூடி, பெட்ரோல் குறைந்துவிடும். எஞ்சின் திக்கும். இதைச் சமாளிக்கத்தான் ஆக்ஸிலரேட்டர் பம்ப் என்ற சின்னப் பம்ப். மிதிக்கும்போதே ஒரு பீச்சு பெட்ரோலைத் தொண்டைக்குள் தானாக அடித்துவிடும். குழந்தை அழுவதற்கு முன் ஒரு வாய் ஊட்டிவிடுவது மாதிரி.

அம்பாசடரோ பழைய மாருதி 800-ஓ தாமதித்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எஞ்சினை அணைத்து, ஏர் பில்டரைக் கழற்றி, தொண்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு கேபிளைக் கையால் இழுக்க வேண்டும். நேரான ஒரு பீச்சு வந்தால் பம்ப் நல்லது. ஒழுகினாலோ, பாதி இழுத்த பிறகு வந்தாலோ பம்பின் டயாப்ரம் போய்விட்டது. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. ஊறிப் போகிறது, இல்லையென்றால் விறைத்துப் போகிறது. பம்ப் சரியாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பார்க்கலாம். உறிஞ்சிய காற்று நின்றால் சரி. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் உள்ளே டயாப்ரம் ஓட்டை. கேபிளில் அளவுக்கு மேல் தொய்வு இருந்தாலும் மிதியின் முதல் பகுதி வீணாகும். அவ்வளவுதான் கார்புரேட்டர். கையாலும் வாயாலும் கண்டுபிடிக்கக்கூடிய நேர்மையான சாமான்.

எம்.பி.எப்.ஐ. வந்தபோது பெட்ரோலைப் பீச்சும் வேலை இன்ஜெக்டருக்குப் போனது. கேபிள் மட்டும் சில காலம் அப்படியே இருந்தது. இதில் தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் திராட்டில் பாடியில் படியும் கரிப் பிசின், கசியும் வேக்குவம் குழாய், அடைபட்ட பெட்ரோல் பில்டர், களைத்துப்போன பம்ப், தீப்பொறி குறைந்த பிளக் அல்லது காயில் ஆகியவை. இவற்றை நம் இரண்டாம் ஆண்டுப் பாடமே விரிவாகச் சொல்வதால் தாண்டிப் போகிறேன்.

கேபிள் போய் ஒயர் வந்தது

இப்போதைய கார்களில் ஆக்ஸிலேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கம்பி கிடையாது. காலடியில் ஒரு சென்சார். அது ஈ.சி.யு. என்கிற கணிப்பொறிக்கு "இவ்வளவு மிதித்திருக்கிறார்" என்று வோல்டேஜாகச் சொல்கிறது. ஈ.சி.யு. மற்ற சென்சார்களையும் கேட்டுவிட்டு, திராட்டில் பாடியில் இருக்கும் சின்ன மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கிறது. பெட்ரோல் வண்டியில் இதுதான் நடப்பது. ஆபீசில் மனு கொடுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் மிதிப்பது மனு. கையெழுத்துப் போடுவது ஈ.சி.யு.

எலக்ட்ரிகல் நண்பர்களுக்கான வேலை இங்கேதான். மிதி சென்சாரில் இரண்டு சிக்னல் வரும். பல வண்டிகளில் ஒன்று மற்றதன் பாதியாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஈ.சி.யு. சந்தேகப்பட்டு எஞ்சினை அடக்கிவிடும். வண்டி ஊர்ந்துதான் போகும். பொட்டன்ஷியோமீட்டர் வகைச் சென்சாரில், தினமும் கால் அதிகம் நிற்கும் இடத்தில்தான் தடம் தேயும். அந்த இடத்தைத் தாண்டும்போது வோல்டேஜ் ஒரு கணம் விழுந்து எழும். டிஜிட்டல் மல்டிமீட்டரில் இது பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் எண் மாறுவதற்குள் விழுந்து எழுந்துவிடும். லேபில் அலமாரிக்குள் தூங்கும் பழைய முள் மீட்டர் இருக்கிறதே, அதை எடுத்து வைத்துக்கொண்டு, சாவியை மட்டும் ஆன் செய்து, எஞ்சின் ஓடாமல், மிதியை மெதுவாக அழுத்துங்கள். முள் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். எங்காவது துள்ளினால் அதுதான் தேய்ந்த இடம். கடையில் விற்கிற விலையுயர்ந்த கருவியைவிட இந்த வேலைக்கு முள் மீட்டர் மேல் என்பது என் கருத்து.

இதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. எழுதவே சிரிப்பாக இருக்கும். கால்மிதி! அழகுக்காகத் தடித்த ரப்பர் மிதியை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். அது முன்னால் நழுவினால் ஆக்ஸிலேட்டர் பாதியில் முட்டி நிற்கும். முழுசாக மிதித்ததாக டிரைவர் நினைத்துக்கொண்டிருப்பார். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. 2009, 2010 ஆண்டுகளில் அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் தானாக வேகமெடுக்கின்றன என்று பெரிய கூச்சல் எழுந்தது. எலக்ட்ரானிக்ஸில்தான் கோளாறு என்று பலரும் நம்பியதால், அந்நாட்டு அரசு நாசா பொறியாளர்களையே கூப்பிட்டுச் சோதித்தது. 2011 பிப்ரவரியில் முடிவு வெளியானது. எலக்ட்ரானிக்ஸில் அப்படி ஒரு கோளாறு அவர்களுக்கு அகப்படவில்லை. ஏற்கெனவே கண்டுபிடித்திருந்த இரண்டு காரணங்களே நின்றன: மிதியில் மாட்டிக்கொள்ளும் தரைவிரிப்பு, ஒட்டிக்கொண்டு மெதுவாகத் திரும்பும் பெடல். ராக்கெட் விடுகிறவர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகும் குற்றவாளி கால்மிதிதான். ஆகவே வெட்கப்படாமல் முதலில் குனிந்து பாருங்கள்.

திராட்டில் பாடியைச் சுத்தம் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. மோட்டார் வைத்த வால்வை விரலால் நெம்பித் திறக்கக்கூடாது. உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் இருக்கின்றன. சாவி ஆனில் இருக்கும்போது விரலை உள்ளே விட்டால் மூடிக்கொண்டு விரலைக் கடிக்கும். சுத்தம் செய்தபின் ஐடில் கொஞ்சம் ஏறி இறங்கும். வால்வின் புது நிலையை ஈ.சி.யு. திரும்பப் பழக வேண்டும். அதற்கான முறை வண்டிக்கு வண்டி வேறு. சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

டீசலும் டர்போவும்

எங்கள் பக்கம் வாடகைக்கு ஓடுபவற்றில் டீசல் கார்கள் இன்னும் நிறைய உண்டு. பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கை. தாமதப் புகாரும் இவற்றில்தான் அதிகம் கேட்கிறேன். இங்கே பெட்ரோல் பாடத்தை அப்படியே பொருத்தினால் குழம்பிவிடுவோம். டீசலில் பலத்தைக் கூட்டிக் குறைப்பது காற்று வால்வு இல்லை. மிதிக்கிற அளவுக்கு டீசலின் அளவுதான் கூடுகிறது. அந்த டீசல் எரியக் காற்று வேண்டும். காற்றைத் திணிக்க டர்போ வேண்டும். டர்போவைச் சுற்றுவதோ எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைக் காற்று. புகை கூடினால்தான் டர்போ சுற்றும். டர்போ சுற்றினால்தான் காற்று. காற்று வந்தால்தான் முழு டீசல். டீசல் எரிந்தால்தான் புகை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். இந்தச் சுற்று ஆரம்பிக்க ஆகும் நேரமே டர்போ லேக். 1905-இல் சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்பிரட் பூச்சி இதற்குக் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து, இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் பொறியாளர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். முழுக்க ஒழிக்க முடியவில்லை. நல்ல வண்டியிலும் கொஞ்சம் இருக்கும். ஆகவே நாம் கேட்க வேண்டியது, இந்தத் தாமதம் வண்டியோடு பிறந்ததா, பிறகு வந்ததா என்பதே.

இதற்கு ஒரு உதாரணமாக எங்கள் மாமாவின் வண்டியை எடுத்துக்கொள்கிறேன். எந்தக் கம்பெனி வண்டி என்பது வேண்டாம். வயசான எந்த டர்போ டீசலுக்கும் வரக்கூடியதுதான். மாமா கடன் வாங்கி எடுத்த வண்டி அது. பந்தல்குடியிலிருந்து அருப்புக்கோட்டைக்கும், ராத்திரியில் அவசரம் என்றால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கும் ஓடுகிறது. பிரசவத்துக்கு அழைத்துப்போகும் குடும்பங்கள் மாமாவுக்குத்தான் முதலில் போன் போடும். அந்த வண்டி நடுத்திட்டு இடைவெளியில் நின்று யோசிக்க ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் காட்டியதில், டர்போ போய்விட்டது, மாற்ற நாற்பதாயிரம் ஆகும் என்றார்கள். மூன்று மாதத் தவணைக்கு மேலான பணம். மாமா என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, நம்ம வீட்ல நாலெழுத்து படிச்சவன் நீ ஒருத்தந்தான். நாப்பதாயிரம் கட்டவா வேண்டாமான்னு நீ ஒரு வார்த்தை சொல்லு" என்றார். அப்பா கல் லாரியில் கிளீனராக இருந்தவர். அவர் ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செமஸ்டர் வைவாவில்கூட அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை.

இதில் பயன்படுத்திய முறையைத்தான் நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் சோதனை, வண்டி நின்ற இடத்தில். நியூட்ரலில் வைத்துச் சட்டென்று மிதித்து விட வேண்டும். பாரம் இல்லாதபோது எஞ்சினுக்கு டர்போவின் உதவி அவ்வளவாகத் தேவைப்படாது. அப்போதும் லேட்டாக ஏறினால் மிதி சென்சார், ஒயர், டீசல் வரத்து ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நியூட்ரலில் உடனே சீறி, ஓட்டத்தில் மட்டும் லேட்டானால் காற்றுப் பக்கம் போக வேண்டும். மாமா வண்டி நியூட்ரலில் உடனே சீறியது. ஆக, காலடியை மறந்துவிடலாம்.

இரண்டாவது சோதனை புகை. ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் பைக்கில் வந்து பார்க்க வேண்டும். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காற்று உள்ளே வரும் வாசலில் ஒரு சென்சார் இருந்து, வருகிற காற்றை அளந்து ஈ.சி.யு.வுக்குச் சொல்கிறது. ஈ.சி.யு. அந்தக் காற்றுக்கு எவ்வளவு டீசல் எரியுமோ அதற்குமேல் விடாது. ஏர் பில்டர் அடைத்திருந்தால் வாசலிலேயே காற்று குறைவு, சென்சார் உண்மையைச் சொல்லும், டீசலும் குறையும். வண்டி மந்தமாகும், ஆனால் பெரிதாகக் கரும்புகை வராது. மாறாக, சென்சாரைத் தாண்டிய பிறகு, டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு குழாய் கிழிந்திருந்தால்? அளந்த காற்று வழியிலேயே வெளியே போய்விடும். ஈ.சி.யு. கணக்கில் காற்று இருக்கிறது, சிலிண்டரில் இல்லை. கணக்கில் உள்ள காற்றுக்கு டீசலைக் கொட்டும். எரியாத கரி கரும்புகையாக வரும். தாமதத்தோடு கரும்புகை வந்தால் குழாய்க் கசிவு அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்ட ஈ.ஜி.ஆர். வால்வு, புகை இல்லாத தாமதம் என்றால் பில்டர், சென்சார், டீசல் வரத்து. எல்லா வண்டிக்கும் இது அச்சடித்த விதி என்று சொல்ல மாட்டேன். புகையைத் தடுக்கும் வடிகட்டி சைலன்சரில் வைத்த பி.எஸ். 6 வண்டிகளில் (2020 ஏப்ரலுக்குப் பிந்தியவை) கண்ணுக்குப் புகை தெரியாது. பழைய வண்டிக்கு இதுவே முதல் கைகாட்டி.

மாமா வண்டியில் கரும்புகை வந்தது. இதை அம்மாவுக்கு விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் பக்கம் சீமைக்கருவேல் மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். அம்மா பல வருடம் அந்த வேலைக்குப் போனவர். மூட்டத்தை மண் போட்டு மூடிக் காற்றை அடைத்தால்தான் மரம் சாம்பலாகாமல் கரியாக நிற்கும். "காத்து பத்தலைன்னா கரிதான மிஞ்சும்? அப்ப உன் மாமா வண்டிக்குள்ள மூட்டம் போட்டிருக்கு" என்றார் அம்மா. தெர்மல் இன்ஜினியரிங் தாளில் அரைகுறை எரிதல் பற்றி இரண்டு மார்க் கேள்வி வந்தால் நான் இனி இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது, அளவு. ஸ்டீயரிங்கின் கீழே 16 துளை உள்ள ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் செருகும் சின்ன புளூடூத் கருவி ஒன்றை இரண்டு நண்பர்களும் நானும் காசு போட்டு வாங்கி வைத்திருக்கிறோம். போனிலேயே எண்களைப் பார்க்கலாம். சாவியை மட்டும் ஆன் செய்தபோது மேனிபோல்டு அழுத்தம் 100 கிலோபாஸ்கல் அருகில் இருந்தது. அது வெளிக் காற்றின் அழுத்தம்தான். ஆகவே சென்சார் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. ஓட்டத்தில் மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தபோது ஈ.சி.யு. கேட்டது 190-க்கும் மேல். கிடைத்தது 120. டீசல் ரெயில் அழுத்தமோ கேட்டதும் கிடைத்ததும் ஒன்றாகவே ஏறியது. டீசல் பக்கம் சுத்தம். கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்ற இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் ஸ்கேனரின் உண்மையான பயன். கோடு நம்பரை மட்டும் படித்துவிட்டு அதில் பெயர் வந்த பாகத்தை மாற்றுகிற பழக்கம் பரவிவிட்டது. எங்கே காணவில்லை என்றுதான் கோடு சொல்லும். எடுத்தது யார் என்று சொல்லாது.

நான்காவது, தேடல். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் குழாய்களைக் கையால் தடவிக்கொண்டே போக வேண்டும், எஞ்சின் ஆறிய பிறகு. டர்போ வழியாக எப்போதும் லேசாக எண்ணெய் ஆவி வரும்; கசியும் இடத்தில் அது வெளியே வந்து பிசுபிசுக்கும். எங்கள் ஊர்ப் புழுதி அதில் ஒட்டிக்கொள்ளும். இன்டர்கூலரின் கீழ்க் குழாயில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு அப்படி ஒரு கறுப்புப் படலம் இருந்தது. துடைத்துப் பார்த்தால் வெடிப்பு எதுவும் தெரியவில்லை. குழாயை மடக்கியபோதுதான் மீன் வாய் மாதிரி ஒரு கிழிசல் திறந்தது. நிற்கும்போது மூடிக்கொள்கிறது, அழுத்தம் வந்தால் திறக்கிறது. அதனால்தான் பார்த்தவர்கள் கண்ணில் படவில்லை. கையில் அகப்படாத சின்னக் கசிவாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவி, குறைந்த அழுத்தத்தில் குழாய்க்குள் காற்றுக் கொடுத்துக் குமிழி பார்க்கலாம். பஞ்சர் கடை வித்தைதான். இந்த வண்டிக்கு அது தேவைப்படவில்லை.

டர்போவையும் விட்டுவிடவில்லை. குழாயைக் கழற்றியபோதே அதன் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தேன். இறக்கை சுவரில் உரசவில்லை, வழவழவென்று சுற்றியது. நாற்பதாயிரம் கட்ட வேண்டாம் மாமா என்று அதன் பிறகுதான் சொன்னேன்.

புழுதியைப் பற்றி

ஏர் பில்டரையும் திறந்தோம். காகித மடிப்பெல்லாம் மாவு சலித்த சல்லடை மாதிரி வெள்ளையாக இருந்தது. பந்தல்குடி வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் இருக்கின்றன. கல் ஏற்றிய லாரிகள் போகும் சாலையில் பின்னால் போனால் வேட்டி சட்டை வெள்ளையாகிவிடும், வேப்ப மரங்கூட வெள்ளையாகத்தான் நிற்கும். கோடையில் கரிசல் புழுதி வேறு. வண்டிப் புத்தகத்தில் பில்டர் மாற்ற இத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருப்பது நல்ல தார்ச்சாலைக்கு. புழுதியான இடத்தில் அதற்கு முன்பே மாற்ற வேண்டும் என்று அதே புத்தகத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நம் வறண்ட பக்கத்து வண்டிகளுக்கு அந்தப் பொடி எழுத்துதான் சட்டம். காற்று அடித்துச் சுத்தம் செய்வதானால் உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் அடிக்க வேண்டும். பஞ்சர் கடையில் டயருக்கு அடிக்கிற வேகத்தில் அடித்தால் காகிதத்தில் ஊசி ஓட்டை விழும். அப்புறம் சுண்ணாம்புத் தூள் நேராக டர்போ இறக்கையைத்தான் அரிக்கும். காற்று அளக்கும் சென்சாரில் மயிரிழை போன்ற சூடான கம்பியோ மெல்லிய தகடோ இருக்கும். அதைத் துணியால் துடைக்கவே கூடாது. அதற்கென்று விற்கும் ஸ்பிரேயை அடித்துத் தானாகக் காயவிட வேண்டும்.

குழாய் 1,150 ரூபாய், பில்டர் 320, புதுக் கிளாம்ப் இரண்டு 120. மொத்தம் 1,590. கூலி கிடையாது, அத்தை பூரி சுட்டுப் போட்டார்.

சரியாகிவிட்டது என்று வாயால் சொல்வது போதாது என்பதால் நேரம் எடுத்தோம். விடியற்காலை, ஆளில்லாத சர்வீஸ் ரோட்டில், ஒரே இடம், ஒரே திசை, மூன்றாவது கியரில் 30-லிருந்து 60 வரை. குழாய் மாற்றுவதற்கு முந்தின நாள் மூன்று தடவை எடுத்ததில் 11 நொடிக்கும் 12 நொடிக்கும் நடுவில் இருந்தது. மாற்றிய பின் மூன்று தடவையும் 7 நொடியை ஒட்டி. மேனிபோல்டு அழுத்தம் 190-ஐத் தொட்டது. கீழ் வேகத்தில் ஒரு சின்னத் தயக்கம் இன்னும் இருக்கிறது. அது டர்போவோடு பிறந்தது. அதை மாமாவிடம் சொல்லி, இடைவெளியில் நிற்கும்போது முதல் கியரில், எஞ்சின் கொஞ்சம் உயர்ந்த சுற்றில் இருக்கும்படி கிளட்சை விடச் சொல்லியிருக்கிறேன். புதுக் குழாயின் ரப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கும் என்பதால், 500 கிலோமீட்டர் ஓடியதும் கிளாம்பை இன்னொரு முறை முடுக்கினோம். அரைச் சுற்று இறங்கியது.

அந்த வாரமே திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்திருக்கிறது. மிதித்தால் யோசிக்கிறது, புகை இல்லை, நியூட்ரலிலும் லேட்டாகத்தான் ஏறுகிறது. மேலே எழுதியதைப் படித்தவர்களுக்கு எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று இப்போதே தெரிந்திருக்கும். சனிக்கிழமை மதியம் பார்க்கப் போகிறோம். எலக்ட்ரிகல் நண்பர்கள் யாராவது வந்தால் நல்லது. முள் மீட்டருக்கு லேப் அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நோட்டில் கையெழுத்துப் போட்டால் கொடுப்பார், ஆனால் திங்கட்கிழமை முதல் பீரியடுக்குள் அலமாரிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அவர் நிபந்தனை.